எழுத்தாளரின் வாழ்க்கை படமாகும்போது: நடந்தது எது, சேர்த்தது எது?

"பாரதியார் எப்பிடிச் செத்தவர்?" என்று கேட்டுப் பாருங்கள். கிளிநொச்சியில் கேட்டாலும் மல்லாவியில் கேட்டாலும் பலருடைய வாயில் உடனே வருவது "யானை அடிச்சு" என்பதுதான். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளி விழுத்தியது உண்மை. அது 1921இன் நடுப்பகுதியில் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் எழும்பி நடமாடினார். சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குத் திரும்பினார். ஈரோட்டுப் பக்கம் கருங்கல்பாளையம் வரை போய், கூட்டத்தில் "மனிதனுக்கு மரணமில்லை" என்று பேசிவிட்டும் வந்தார். செப்டெம்பரில் அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. அப்போது அவருக்கு 39 வயது நிரம்பவில்லை.

அப்படியென்றால் யானை மட்டும் ஏன் மனதில் நிற்கிறது? வயிற்றுக்கடுப்பை மேடையில் காட்ட முடியாது, யானையைக் காட்டலாம். அவ்வளவுதான் விஷயம். ஒரு காட்சியில் யானை, அடுத்த காட்சியில் பாயில் படுத்திருக்கும் கவிஞர். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் பேசத் தேவையில்லை, பார்ப்பவர் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுவார். நாடகம், பேச்சு, சினிமா எல்லாவற்றுக்கும் இது பொது.

எழுத்தாளரின் வாழ்க்கையை எடுத்த படங்களைப் பற்றி எங்கள் பக்கம் நிறையக் கதைக்கிறோம். ஒருவர் "எல்லாம் உண்மையாம்" என்பார். மற்றவர் "முழுக்கப் புளுகு" என்பார். இரண்டு பேருக்குமே அப்படியொரு படம் எப்படித் தயாராகிறது என்பது தெரியாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எது பயோபிக், எது இல்லை

உண்மையில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை நடிகர்களை வைத்துக் கதைப்படமாகச் சொன்னால் அது பயோபிக், வாழ்க்கை வரலாற்றுப் படம். உண்மையான ஆட்களின் பேட்டி, பழைய படச்சுருள், கடிதம், புகைப்படம் என்பவற்றைக் கொண்டு கட்டுவது ஆவணப்படம். ஆவணப்படத்திலும் தெரிவு உண்டு, வெட்டு உண்டு. ஆனால் அதில் பேசுகிறவர் தன் வாயால் தன் சொல்லைப் பேசுகிறார். பயோபிக்கில் பேசுகிறவர் வேறொருவர் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசுகிறார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தண்ணிமுறிப்பைக் களமாக வைத்து 1973இல் வந்த "நிலக்கிளி" நாவலை யாராவது படமாக்கினால் அது தழுவல் படம், பயோபிக் அல்ல. அதை எழுதிய அ. பாலமனோகரனின் வாழ்க்கையைப் படமாக்கினால்தான் பயோபிக். நாவலில் வரும் ஆளையும் நாவல் எழுதிய ஆளையும் ஒன்றாக்கிப் பேசும் பழக்கம் எங்களிடம் நன்றாகவே இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் புத்தகம்

பயோபிக்கை விளங்கிக்கொள்ள சினிமாவுக்குப் போகத் தேவையில்லை. ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாளுக்குப் போனால் போதும். சாப்பாடு முடிந்து வெளிக்கிடும்போது கையில் ஒரு நினைவு மலர் தருவார்கள். சிலர் அதைக் கல்வெட்டு என்பார்கள். முன்னட்டையில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் படம், உள்ளே தேவாரம், பிறகு வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். நடுவில் ஒன்றரைப் பக்கத்தில் வாழ்க்கை வரலாறு. இன்னாரின் சிரேஷ்ட புத்திரனாகப் பிறந்தார், இன்ன பாடசாலையில் கற்றார், இன்னாரைக் கரம்பிடித்தார், ஊருக்கு உழைத்தார்.

அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஒரு பொய்யும் இருக்காது. ஆனால் வயல் வரம்புக்காகத் தம்பியோடு பதினைந்து வருஷம் பேசாமல் இருந்தது இருக்காது. வாய்க்கால் தண்ணீருக்காகப் பொலிசுக்குப் போனதும் இருக்காது. எழுதியவர் பெரும்பாலும் ஊரில் தமிழ் நன்றாக எழுதத் தெரிந்த ஒரு ஆசிரியர். தகவல் கொடுத்தவர் மூத்த மகள். அச்சுக் காசு வெளிநாட்டிலிருக்கும் மகனுடையது. மூன்று பேருக்கும் வேண்டிய மனிதர்தான் அந்தப் பக்கத்தில் இருப்பார்.

பயோபிக்கும் இப்படித்தான் உருவாகிறது. ஒருவர் தகவல் தருகிறார், ஒருவர் எழுதுகிறார், ஒருவர் காசு போடுகிறார். வேறுபாடு ஒன்றுதான்: நினைவு மலரில் சண்டையை வெட்டிவிடுவார்கள், படத்தில் சண்டையைத் தேடிப் பிடிப்பார்கள்.

சரி, இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பயோபிக் என்பது நடித்துக் காட்டும் கதை. அதில் பொய் சொல்லாமலே ஆளை மாற்றிக் காட்டலாம். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், யார் அதைத் தீர்மானித்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு வாழ்க்கை இரண்டரை மணிநேரத்துக்குள் போகும் விதம்

முதல் வேலை துண்டு வெட்டுவது. பிறப்பு முதல் இறப்பு வரை சொன்ன படங்கள் உண்டு. அவற்றில் பல, ஆண்டறிக்கை வாசிப்பதுபோல ஓடிப்போய்விடும். கெட்டிக்காரர்கள் ஒரு துண்டை மட்டும் எடுப்பார்கள். அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியைப் பற்றி 2005இல் "கபோட்டி" என்றொரு படம் வந்தது. அவருடைய முழு வாழ்க்கையும் அதில் இல்லை. 1959இல் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு குடும்பமே கொலையுண்டதையும், அதைப் பற்றி அவர் புத்தகம் எழுதிய ஆண்டுகளையும் மட்டும்தான் எடுத்தார்கள். கொலையாளிகளோடு பழகி அவர்களின் நம்பிக்கையைப் பெற்றவருக்கு, அவர்கள் தூக்கில் தொங்கினால்தான் புத்தகத்துக்கு முடிவு கிடைக்கும் என்ற நிலை. அந்தத் துண்டுக்குள்ளேயே முழு மனிதரும் வெளியே வந்துவிடுகிறார்.

அடுத்த வருஷமே அதே எழுத்தாளர், அதே கொலை, அதே ஆண்டுகளை வைத்து "இன்ஃபேமஸ்" என்று இன்னொரு படம் வந்தது. முதல் படம் ஒரு வாழ்க்கை வரலாற்று நூலை ஆதாரமாகக் கொண்டது. இரண்டாவது, அவரைத் தெரிந்தவர்களின் வாய்மொழிகளைத் தொகுத்த வேறொரு நூலை ஆதாரமாகக் கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டு வேறு மனிதர்களைச் சந்தித்த மாதிரி இருக்கும். எது உண்மையான கபோட்டி என்று கேட்பவருக்கு நான் சொல்வது: முதலில் ஆதார நூல் எது என்று கேளுங்கள்.

இரண்டாவது வேலை காலத்தைச் சுருக்குவது. பத்து வருஷ இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களை ஒரே கிழமையில் நடந்ததாகக் காட்டுவார்கள். இதற்கு நல்ல உதாரணம் 2004இல் வந்த "ஃபைண்டிங் நெவர்லேண்ட்". பீட்டர் பான் நாடகத்தை எழுதிய ஜே. எம். பாரியின் கதை. படத்தில் அவர் ஒரு விதவைத் தாயையும் நான்கு பையன்களையும் பூங்காவில் சந்திக்கிறார். உண்மையில் அவர் அந்தக் குடும்பத்தோடு பழகத் தொடங்கியது 1897இல். அப்போது பிள்ளைகளின் தகப்பன் உயிரோடு இருந்தார். நாடகம் மேடையேறியது 1904இல், அப்போதும் அவர் இருந்தார். இறந்தது 1907இல்தான். தாய் அதற்கும் மூன்று வருஷம் கழித்து இறந்தார். பையன்களும் நான்கல்ல, ஐந்து.

ஏன் இப்படி மாற்றினார்கள்? கணவன் உயிரோடு இருக்கிற வீட்டுக்கு ஒரு எழுத்தாளர் நாளும் பொழுதும் வந்து பிள்ளைகளோடு விளையாடினால், பார்ப்பவர் மனம் வேறு திசையில் ஓடும். "இந்தாளுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்கும். கணவனை முதலே சாகடித்துவிட்டால் எழுத்தாளர் ஆறுதல் சொல்ல வந்த நல்லவராகிவிடுவார். ஒரு மரணத்தை முன்னுக்குத் தள்ளியதில் கதையின் நிறமே மாறிவிட்டது. இதைச் சின்ன மாற்றம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்றாவது வேலை ஆட்களைக் குறைப்பது. ஒருவருடைய வாழ்க்கையில் உதவிய பத்து நண்பர்களைப் பத்து நடிகர்களாகக் காட்டினால் யார் யாரென்று பார்ப்பவருக்குக் குழம்பும். ஆகவே பல பேரை உருக்கி ஒருவராக வார்ப்பார்கள். அதற்குப் பெயர் கூட்டுப் பாத்திரம். ஹொலிவூட் திரைக்கதை ஆசிரியர் டால்டன் ட்ரம்போ கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் போடப்பட்டு, சிறைக்கும் போய், பிறகு பல வருஷம் மற்றவர் பெயரில் எழுதிச் சீவித்தவர். "ரோமன் ஹொலிடே" கதைக்கான ஒஸ்கார் விருதே அப்படி நண்பர் பெயருக்குத்தான் போனது. 2015இல் வந்த "ட்ரம்போ" படத்தில் ஆர்லன் ஹேர்ட் என்றொரு நண்பர் அவரோடு வாதாடிக்கொண்டே வருவார். அப்படி ஒரு மனிதர் இருந்ததே இல்லை. பட்டியலில் அகப்பட்ட பல எழுத்தாளர்களின் கலவை அவர்.

கூட்டுப் பாத்திரம் வசதியானது, பெரும்பாலும் தீங்கில்லாதது. ஆனால் எங்கள் இடத்தில் ஒரு சிக்கல் வரும். ஊர் சிறியது. "அந்தப் பாத்திரம் எங்கட சித்தப்பாவாம்" என்று ஒரு வீடும், "இல்லை, எங்கட மாமா" என்று இன்னொரு வீடும் சொல்லும். அந்தப் பாத்திரம் காட்டிக்கொடுக்கிற ஆளாக இருந்தால் இரண்டு வீடும் கோவிக்கும்.

நாலாவது, வசனம். ஒரு எழுத்தாளர் தன் மனைவியோடு இரவில் என்ன கதைத்தார் என்பதற்குச் சாட்சி யாருமில்லை. அறைக்குள் நடந்த எல்லா உரையாடலும் திரைக்கதை எழுதியவரின் ஊகம்தான். அடுத்தமுறை பார்க்கும்போது இதை மட்டும் கவனித்தால் போதும்: இந்தக் காட்சியில் இருந்த இரண்டு பேரில் யார் பிறகு வந்து சொல்லியிருக்க முடியும்? பல காட்சிகளுக்குப் பதில் கிடைக்காது.

துண்டு வெட்டல், காலச் சுருக்கம், கூட்டுப் பாத்திரம், ஊக வசனம். பயோபிக்கின் கருவிப்பெட்டியில் முக்கியமானவை இவைதான். "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது" என்று திரையில் போடுகிற வரி, இவையெல்லாம் பாவித்தோம் என்பதற்கான அறிவித்தல். எல்லாம் உண்மை என்ற சத்தியக் கடதாசி அல்ல அது.

எழுதுவதை எப்படிக் காட்டுவது?

மற்றப் பயோபிக்குகளுக்கு இல்லாத தலையிடி ஒன்று எழுத்தாளர் படங்களுக்கு உண்டு. விளையாட்டு வீரரின் படமென்றால் ஓடுவதைக் காட்டலாம். பாடகர் என்றால் பாடட்டும். எழுத்தாளர் வேலை செய்யும்போது என்ன தெரியும்? ஒரு ஆள் குனிந்திருக்கிறார். அவ்வளவுதான். மூன்று மணிநேரம் கழித்து வந்து பார்த்தாலும் அதே ஆள் அப்படியே குனிந்திருப்பார்.

ஆகவே படம் எடுப்பவர் எழுத்தை விட்டுவிட்டு எழுத்தைச் சுற்றியுள்ளதைப் படம்பிடிப்பார். குடி, கடன், வழக்கு, காதல், பசி, கசக்கி எறிந்த கடதாசி. "எழுத்தாளரின் போராட்டம்" என்று நாங்கள் படத்தில் பார்ப்பதில் பெரும்பகுதி இதுதான். உண்மையான போராட்டம், ஒரு பந்தியை ஆறாவது தடவையும் திருத்துவது, அச்சகத்துக்குக் கொடுக்கக் காசு தேடுவது, பத்திரிகைக்காரர் வெட்டிய கடைசி வரியை நினைத்து ஒரு கிழமை நித்திரை கொள்ளாமல் இருப்பது, படத்துக்குள் வருவது அபூர்வம். குடித்தால்தான் கவிதை வரும் என்று நம்புகிற பெடியன்கள் உருவாவதற்கு இந்தப் படங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்தத் தலையிடிக்கு நல்ல வைத்தியமும் உண்டு. எழுதுபவரை விட்டு, எழுதியதைக் காட்டுவது. உருது எழுத்தாளர் மண்டோவைப் பற்றி நந்திதா தாஸ் 2018இல் எடுத்த படத்தில், அவர் தெருவில் நடந்து போகும்போதே படம் அவருடைய ஒரு சிறுகதைக்குள் வழுக்கிப் போய்விடும். முதல் சில விநாடிகள் இது வாழ்க்கையா கதையா என்று தெரியாது. பம்பாயை விட்டு 1948இல் லாகூருக்குப் போன மனிதரின் பிரிவினைக் காயத்தை வாய்விட்டுச் சொல்லாமல் கதைகளாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஞான ராஜசேகரன் 2000இல் எடுத்த "பாரதி" படத்துக்கு இந்த வசதி இயல்பாகவே கிடைத்தது, கவிதைகள் ஏற்கெனவே பாட்டாக இருந்தன. "நிற்பதுவே நடப்பதுவே" அப்படி வந்ததுதான். ஆனால் அதே படத்தில் "மயில் போல பொண்ணு ஒண்ணு" என்று பவதாரிணி பாடித் தேசிய விருது வாங்கிய பாட்டு, மு. மேத்தா எழுதியது. பாரதி படத்தில் வந்ததால் அதைப் பாரதி பாட்டு என்று நினைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். இதில் படத்தின்மேல் பிழை சொல்ல முடியாது, எழுதியவர் பெயரைப் போட்டுத்தான் இருக்கிறார்கள். நாங்கள்தான் பெயர்கள் ஓடும்போது எழும்பிப் போய்விடுகிறோம்.

ஜாம்போத்தல் விளக்கு சரியாக இருந்தால்

தொண்ணூறுகளின் வன்னியைக் காட்டும் ஒரு படத்தில், பொருளாதாரத் தடைக்கால இரவொன்றில் எழுத்தாளர் ஜாம்போத்தல் விளக்கில் எழுதுகிறார் என்று வையுங்கள். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், நூல் திரி, புகை படிந்து கறுத்த வாய். பக்கத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றி ஒருவர் றேடியோச் செய்தி கேட்கிறார். அந்தக் காலத்தில் இருந்தவர் பார்த்த உடனேயே "அச்சா, அப்பிடியேதான்!" என்பார்.

அங்கேதான் மாட்டுப்படுகிறோம். விளக்குச் சரி, டைனமோ சரி, எனவே அந்த விளக்கடியில் எழுத்தாளர் சொன்ன வசனமும் சரி என்று மனம் தானாகவே முடிவெடுக்கிறது. கலை இயக்குநரின் உழைப்பு திரைக்கதைக்காரருக்கு நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது. "கபோட்டி" படத்தில் ஃபிலிப் சீமோர் ஹொஃப்மன் அந்த எழுத்தாளரின் மெல்லிய கீச்சுக் குரலை அப்படியே கொண்டுவந்து ஒஸ்கார் வாங்கினார். குரல் அச்சொட்டாக இருப்பது நடிப்புக்குப் பெருமை. அந்தக் குரலில் பேசிய சொற்களுக்கு அது சாட்சியாகாது.

இது சினிமாவோடு வந்த பழக்கமும் இல்லை. கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைப் பற்றிய கல்லில் இருந்தது, 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி அந்த இடத்துக்குக் கிட்ட அவனை ஆங்கிலப் படைத் தளபதி தோற்கடித்தான் என்பது மட்டும். கொன்றான் என்று அதில் இல்லை. ஆனால் அந்த நாளை அவன் இறந்த நாளாகவே நீண்டகாலம் பலர் நினைத்திருந்தார்கள். தோற்ற வீரன் காட்டுக்குள் பின்வாங்கி மேலும் சில வருஷம் வாழ்ந்தான் என்பது கதையாகச் சொல்ல இடைஞ்சலான முடிவு. அதே களத்தில் விழுந்தான் என்றால் திரையை இறக்கலாம். பாரதியின் யானையும் பண்டாரவன்னியனின் கல்லும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன.

சுருக்கமாக, பொருள் சரியாக இருப்பதும் சம்பவம் சரியாக இருப்பதும் வேறு வேறு.

வன்னி எழுத்தாளர் ஒருவரைப் படமாக்கினால்

மேலே சொன்ன ஆங்கிலப் படங்களுக்கெல்லாம் பின்னால் ஒரு காப்பு இருக்கிறது. கபோட்டியின் கடிதங்கள் இருக்கின்றன, பாரியின் குடும்பத்துத் திகதிகள் இருக்கின்றன. படம் மாற்றினால், மாற்றினார்கள் என்று காட்ட ஆதாரம் உண்டு. நான் இங்கே "ஐந்து பையன்கள், நான்கல்ல" என்று எழுத முடிந்ததும் அதனால்தான்.

வன்னியில் நிலைமை வேறு. 2008, 2009இல் கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு இடமாக நகர்ந்தபோது, ஒவ்வொரு இடத்திலும் கையிலிருந்த பாரத்தில் கொஞ்சம் குறைந்தது. அரிசியா புத்தகமா என்றால் அரிசிதான். கையெழுத்துப் பிரதி, முதல் பதிப்பு, படம், கடிதம் எல்லாம் போன வீடுகள் ஏராளம். இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையைப் படமாக்க வருகிறவருக்குக் கிடைப்பது ஆட்களின் ஞாபகம் மட்டும். ஊகம் கூடும். ஊகத்தைச் சரிபார்க்கவும் தாள் இருக்காது. பத்து வருஷம் போனால் படத்தில் வந்ததே நடந்தது என்றாகிவிடும்.

ஆகவே இங்கே ஒரு பயோபிக்கின் முதல் செலவு கமெராவுக்கு அல்ல, தாள் தேடுவதற்கு. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்தின் இணையத்தளம் நல்ல தொடக்கம். நினைவு மலர்கள்கூட அங்கே இருக்கின்றன.

அனுமதி யாரிடம்?

இதிலும் பிழையான எண்ணம் ஒன்று உலாவுகிறது: "வாழ்க்கையைப் படமெடுக்கக் குடும்பத்திடம் உரிமை வாங்க வேணும்." ஒருவர் எங்கே பிறந்தார், எப்போது சிறைக்குப் போனார் என்ற தகவலில் யாருக்கும் பதிப்புரிமை கிடையாது. பதிப்புரிமை என்பது எழுதிய வாசகத்தின்மேல் எழுதியவருக்கும், அவருக்குப் பிறகு வாரிசுகளுக்கும் சட்டம் தரும் உரிமை. கவிதையைப் படத்தில் வாசித்தால், கதையைக் காட்சியாக்கினால் அது தேவைப்படும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 வருஷம் வரை அது இருக்கும். இந்தியாவில் 60 வருஷம். அதற்காகக் குடும்பத்தைக் கேட்காமலே எடுக்கலாம் என்றும் நினைக்கக் கூடாது. படத்தில் காட்டப்படுகிறவர்களில் உயிரோடு இருப்பவர் மானநட்டம் என்று வழக்குப் போடலாம். அதைவிட, குடும்பம் வாய் திறக்காவிட்டால் தகவலே கிடைக்காது.

பாரதி இதில் விதிவிலக்கு. அவர் பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை ஒருகாலத்தில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை அரசு பாரதியின் எழுத்துகளின் உரிமையை வாங்கியபோது அவரும் விட்டுக்கொடுத்தார். பிறகு அரசு அவற்றை எல்லாருக்கும் பொதுவாக்கியது. அதனால் பாரதியை யாரும் படமாக்கலாம், பாடலாம்.

எங்கள் எழுத்தாளர் ஒருவர் தொண்ணூறுகளில் இறந்திருந்தால் அந்த 70 வருஷம் 2060களில்தான் முடியும். அதுவரை வாரிசுகளைத் தேட வேண்டும். ஒரு பிள்ளை தர்மபுரத்தில், ஒன்று பாரிசில், ஒன்று டொரோன்டோவில். கடிதத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கடிதத் தாள், பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள வாசகமோ எழுதியவருக்குச் சொந்தம். இங்கே வைத்திருந்தவை அழிந்துபோக, வெளிநாட்டுக்கு எழுதிப் போட்ட கடிதங்கள்தான் பெரும்பாலும் தப்பியிருக்கும். தாள் லண்டனில் ஒரு நண்பரின் சூட்கேசுக்குள், வாசகத்தின் உரிமை மூன்று நாடுகளில் உள்ள மூன்று பிள்ளைகளிடம். இந்த நாலு பேரும் சம்மதிக்கும் வரை, திரைக்கதைக்காரர் அந்தக் கடிதத்தைத் தன் சொந்தச் சொற்களில்தான் எழுத வேண்டியிருக்கும்.